கரையேற்றுவது யார் பொறுப்பு? அந்தமான் கடல் முதல் நவுரு வரை புகலிடமும் எல்லைக் காவலும்

பதிவு 1: வேம்படி

அனைவருக்கும் வணக்கம். தன் எல்லைக்குள் யார் வருகிறார் என்று பார்க்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டா என்று கேட்டால் உண்டு என்போம். உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரைக் காக்கும் கடமை உண்டா என்று கேட்டால் அதற்கும் உண்டு என்போம். இரண்டும் ஒரே படகின் முன் வந்து நிற்கும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது. இந்த இழையை நம் அண்டைக் கடலை வைத்துத் தொடங்குகிறேன்: வங்காள விரிகுடாவிலிருந்து அந்தமான் கடல் வழியே இந்தோனேசியாவையும் ஆஸ்திரேலியாவையும் எட்டும் நீர்ப்பரப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைகளோடாவது ஒரு பொதுப் புகலிடச் சட்டமும், அதை மீறும் அரசைக் கேள்வி கேட்க நீதிமன்றங்களும் இருக்கின்றன. இங்கே அவை இல்லை. தென்கிழக்காசிய நாடுகளில் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்தவை பிலிப்பைன்ஸ், கம்போடியா, கிழக்குத் திமோர் ஆகிய மூன்று மட்டுமே. அகதிகள் அதிகம் வந்து சேரும் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் அதில் இல்லை.

2015 மே மாதத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் சோங்க்லா மாகாணத்தில், மலேசிய எல்லையை ஒட்டிய காட்டில், மியன்மாரின் ரோஹிங்கியாக்களையும் வங்கதேசத்தவரையும் அடைத்து வைத்துப் பணம் பறித்த கடத்தல் முகாம்களும், அவற்றை அடுத்துப் புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. தாய்லாந்து அரசு கடத்தல் கும்பல்கள்மீது கை வைத்தது. அது செய்தே ஆக வேண்டிய நடவடிக்கை. ஆனால் கரையில் பிடி இறுகியதும் கடத்தல்காரர்கள் படகுகளை நடுக்கடலில் விட்டுவிட்டு ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சோறும் தண்ணீரும் இல்லாமல் மிதந்தார்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் உணவும் எரிபொருளும் கொடுத்துப் படகுகளை அடுத்த நாட்டின் பக்கம் திருப்பிவிட்டன. ஒவ்வோர் அரசும் தன் எல்லையைக் காத்தது. மூன்று எல்லைகளுக்கும் நடுவே மனிதர்கள் செத்தார்கள். மிதந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கரைசேர்த்தவர்கள் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாண மீனவர்கள். அங்கே பங்லிமா லாவுத் என்ற கடல் வழக்காற்று அமைப்பு உண்டு. கடலில் தத்தளிப்பவர் யாராக இருந்தாலும் மீட்க வேண்டும் என்பது அந்த வழக்காறு. அரசுகளிடம் எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் மீனவரிடம் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது.

மே 20ஆம் நாள் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது மலேசியாவும் இந்தோனேசியாவும் 7,000 பேர்வரை ஓராண்டுக்குத் தற்காலிகமாகத் தங்க வைக்க ஒப்புக்கொண்டன. அந்த ஓராண்டுக்குள் உலக நாடுகள் அவர்களை மீள்குடியேற்ற வேண்டும் அல்லது தாயகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. மறுநாளே ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் தம் நாடு ஒருவரையும் ஏற்காது என்று சொல்லிவிட்டார்.

என் கருத்து இதுதான். பாதுகாப்பும் எல்லைக் காவலும் உடைவது ஒரே இடத்தில். படகு எங்கே கரையேறும், கரையேறியவரின் கோரிக்கையை யார் எவ்வளவு காலத்துக்குள் தீர்ப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகாதவரை அகதியும் காக்கப்படமாட்டார், எல்லையும் காக்கப்படாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.


பதிவு 2: நடுநிலம்

வேம்படி அவர்களுக்கு வணக்கம். மாற்றுக் கருத்தைக் கேட்டதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

படகைத் தடுப்பது என்றாலே இரக்கமற்ற செயல் என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை ஆண்டு வரிசையில் பார்த்தால் அப்படி எளிதில் முடிவுகட்ட முடியாது. 2001இல் டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் 433 பேரை மீட்டுக் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுவந்தபோது, பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு அவர்களைக் கரையேற விடாமல் நவுரு என்ற பசிபிக் தீவு நாட்டுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குப் படகுகள் மிகவும் குறைந்தன. 2008இல் தொழிற்கட்சி அரசு, புகலிடம் கோருவோரை வைத்திருந்த நவுரு முகாமையும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவு முகாமையும் கைவிட்டது. படகுகள் மீண்டும் வரத் தொடங்கி, 2013ஆம் ஆண்டில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த ஆண்டுகளில் கடலில் மாண்டவர்கள் 1,000க்கும் மேல். 2010 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதிச் சிதறி ஏறத்தாழ 50 பேர் இறந்ததைக் கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். கயிறு வீசியும் அவர்களை எட்ட முடியவில்லை. 2013 செப்டம்பரில் இராணுவத் தலைமையில் எல்லைக் காவல் நடவடிக்கை தொடங்கி, படகுகளைத் திருப்பி அனுப்பியபின் அடுத்த ஆண்டிலேயே வரவு ஏறக்குறைய நின்றுபோனது. அந்த வழியில் சாவும் நின்றது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை மக்களுக்கு இருந்தால்தான் அவர்கள் அகதிகளை வரவேற்பார்கள். 2015 செப்டம்பரில் அதே அபோட் அரசு, வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேல் சிரியா, ஈராக் அகதிகள் 12,000 பேரை ஏற்பதாக அறிவித்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. படகுகள் வந்துகொண்டிருந்தால் அது நடந்திருக்குமா?


பதிவு 3: பவளமல்லி

நடுநிலம் அவர்களே, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிட்னியில் வாழ்பவள். நீங்கள் எழுதிய எண்களை நான் மறுக்கவில்லை. அந்த எண்களில் சேராதவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு ஒரு படகு புறப்பட்டது. சிறுவர்களும் அதில் இருந்தார்கள். கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தது. கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்ல அரசாங்கம் மறுத்தது. கடைசியில் அவர்கள் நவுருவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே நாட்களில் வேறொரு படகில் வந்த 41 இலங்கையர்களைக் கப்பலில் வைத்தே சுருக்கமாக விசாரித்து, மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் இலங்கைக் கடற்படையிடமே ஒப்படைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர், தமிழர் சிலர். யாராயினும், எந்த அரசாங்கத்துக்கு அஞ்சி வந்தேன் என்று ஒருவர் சொல்கிறாரோ அந்த அரசாங்கத்தின் கையிலேயே அவரைக் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய விசாரணை அதுவா? அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவுஸ்திரேலியா இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளை அளிப்பதாக அறிவித்திருந்தது.

சாவு நின்றது என்று எழுதினீர்கள். அந்த வழியில் நின்றது, உண்மை. ஆனால் திருப்பி விடப்பட்டவர் பின்பு எங்கே, எப்படி வாழ்ந்தார், வாழ்ந்தாரா என்று எந்த அரசாங்கமும் கணக்கு வைக்கவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் நம் கண்முன் சாகவில்லை என்பதுதான்.

என் பெரியம்மாவின் மகன் 2014 ஓகஸ்டில் ஜகார்த்தாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தான். ஏஜென்சிக்காரனை நம்பிப் படகேறாதே, முறையாகக் காத்திரு என்று குடும்பமாகச் சொல்லி நாங்கள்தான் அவனைத் தடுத்தோம். அவ்வாண்டு நவம்பரில் அவுஸ்திரேலியா ஒரு விதி கொண்டுவந்தது: 2014 ஜூலை முதலாம் திகதியோ அதன் பின்னரோ இந்தோனேசியாவில் பதிந்தவர் எவரையும் அது மீள்குடியேற்றாது. வரிசையில் நில்லுங்கள் என்று சொன்னவர்களே வரிசையை மூடினார்கள். எங்கள் சொல்லைக் கேட்டதற்காக அவன் இழந்த வருடங்களை எனக்கு எண்ணவே மனம் வருவதில்லை.


பதிவு 4: தீர்ப்புரை

பவளமல்லி அக்கா எழுதியதற்குச் சட்டப் பின்னணியை மட்டும் சேர்க்கிறேன். ஏனென்றால் இந்தப் பகுதியில் ஒரு வட்டார உடன்பாடு எங்கே தடுக்கி விழுந்தது என்பதை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளில் காணலாம்.

முதலாவது 2011 ஆகஸ்ட் 31ஆம் நாள் தீர்ப்பு. அதற்கு ஒரு மாதம் முன்பு ஜூலியா கில்லார்ட் அரசு மலேசியாவோடு ஓர் ஏற்பாடு செய்தது. படகில் வரும் 800 பேரை ஆஸ்திரேலியா மலேசியாவுக்கு அனுப்பும்; அதற்கு ஈடாக, மலேசியாவில் ஏற்கெனவே அகதிகள் என்று உறுதிசெய்யப்பட்ட 4,000 பேரை நான்கு ஆண்டுகளில் ஏற்றுக்கொள்ளும். படகேறுவதால் பயனில்லை என்ற செய்தியும், காத்திருப்பவருக்கு இடம் உண்டு என்ற செய்தியும் ஒரே ஏட்டில் இருந்ததால், நான் பார்த்தவரை இந்தப் பகுதியில் முன்வைக்கப்பட்ட திட்டங்களில் இதுவே ஓரளவு சமநிலை கொண்டது. ஆயினும் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. காரணம் எளிது. அனுப்பப்படுபவரைக் காக்க மலேசியா சட்டப்படி கட்டுப்பட்டிருக்க வேண்டும். மலேசியா அகதிகள் உடன்படிக்கையிலும் இல்லை, அதன் உள்நாட்டுச் சட்டத்திலும் அகதி என்ற ஒருவர் இல்லை. நல்லெண்ணக் கடிதம் போதாது என்பதே தீர்ப்பின் சாரம். அரசு என்ன செய்திருக்க வேண்டும்? மலேசியாவில் சட்டப் பாதுகாப்பை உருவாக்கப் பேசியிருக்க வேண்டும். மாறாக, 2012இல் நாடாளுமன்றம் அந்த நிபந்தனையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நவுருவும் மானுஸும் மீண்டும் திறக்கப்பட்டன.

இரண்டாவது, அக்கா சொன்ன 157 பேரைப் பற்றியது. 2015 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பில், அவர்களைக் கடலில் பிடித்து வைத்தது சட்டப்படி சரியே என்று நான்கு நீதிபதிகளும், சரியல்ல என்று மூன்று நீதிபதிகளும் சொன்னார்கள். ஒரே ஒரு நீதிபதியின் கருத்து வேறாக இருந்திருந்தால் அந்த நடைமுறை முழுவதும் கேள்விக்குள்ளாகியிருக்கும்.

உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, அகதியை அவருடைய உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து நேரக்கூடிய எல்லைக்கு எந்த வகையிலும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. வருகிற எல்லாரையும் குடியேற்ற வேண்டும் என்று அது சொல்லவில்லை. நடுநிலம் ஐயா கேட்கும் எல்லைக் காவலுக்கு அந்தப் பிரிவில் நிறைய இடம் இருக்கிறது. கேட்காமலேயே திருப்புவதற்குத்தான் இடமில்லை.


பதிவு 5: நடுநிலம்

தீர்ப்புரை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. பவளமல்லி அவர்களின் உறவினருக்கு நேர்ந்தது நியாயமற்றது. முறையான வழியில் நின்றவரைத் தண்டிக்கும் விதி எல்லைக் காவலுக்கும் எதிரானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நவுருவையும் மானுஸையும் நான் ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 3,000க்கும் மேற்பட்டவர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் உண்மையான அகதிகள் என்றே பின்பு முடிவானது. அவர்களை ஏற்க அமெரிக்காவையும் நியூசிலாந்தையும் கேட்க வேண்டியதாயிற்று. 2014இல் மானுஸ் முகாமில் நடந்த கலவரத்தில் ஓர் ஈரானிய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த முகாமில் ஆட்களை அடைத்து வைத்தது அரசமைப்புக்கு எதிரானது என்று பப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றமே 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. திருப்பவும் கூடாது, வேறு தீவில் அடைக்கவும் கூடாது என்றால், கோரிக்கை மறுக்கப்பட்டவரை என்ன செய்வது? மறுக்கப்பட்டவரும் தங்கிவிடலாம் என்றால் விசாரணை எதற்கு? இதற்கு நடைமுறையில் நடந்த ஒரு விடையை யாராவது காட்ட வேண்டும்.


பதிவு 6: வேம்படி

நடந்த விடை ஒன்று உண்டு. அதுவும் இதே கடலில்.

1975க்குப் பின் வியட்நாமிலிருந்து படகுகளில் மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 1979 ஜூனில், ஒரே மாதத்தில் 50,000க்கும் மேற்பட்டோர் தென்கிழக்காசியக் கரைகளில் வந்து இறங்கினார்கள். மலேசியாவின் திரங்கானு கரைக்கு அப்பால் பீடோங் என்ற தீவு. ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அந்தத் தீவில் அப்போது ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இனி ஒருவரையும் ஏற்க முடியாது என்று தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் ஒரே குரலில் சொல்லின. படகுகளைக் கடலுக்கு இழுத்துச் சென்று விட்டன. ஜூலையில் ஜெனிவாவில் கூடியபோது மேலை நாடுகள் மீள்குடியேற்ற இடங்களை 1,25,000இலிருந்து 2,60,000ஆக உயர்த்தின. அந்த உறுதியை நம்பித்தான் ஆசியான் நாடுகள் கரையைத் திறந்தன. இந்தோனேசியாவில் கலாங் தீவிலும், பிலிப்பைன்ஸில் பத்தானிலும் முகாம்கள் அமைந்தன.

சில ஆண்டுகளில் வேறொரு சிக்கல் வந்தது. கரையேறினால் போதும், அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ உறுதி என்றானபோது, துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவரோடு வறுமையிலிருந்து மீள வருபவரும் படகேறினார்கள். மேலை நாடுகளுக்குச் சலிப்புத் தட்டியது. ஆசியான் நாடுகள் மீண்டும் கரையை மூட முனைந்தன. அப்போது, 1989 ஜூனில், ஜெனிவாவில் ஒரு விரிவான செயல்திட்டம் உருவாயிற்று. அதன் அமைப்பைக் கவனியுங்கள். 1989 மார்ச் 14க்கு முன் ஆசியான் முகாம்களுக்கு வந்தவர்கள் அனைவரையும் மூன்றாம் நாடுகள் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் வருபவரை முதலில் கரையேற்ற வேண்டும், திருப்பக் கூடாது. கரையேறியவரைக் கரைநாட்டு அதிகாரிகள் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் மேற்பார்வையில் விசாரிப்பார்கள். அகதி என்று உறுதியானவருக்கு மூன்றாம் நாட்டில் இடம். மறுக்கப்பட்டவர் வியட்நாமுக்குத் திரும்ப வேண்டும். திரும்பியவரைத் தண்டிக்க மாட்டோம் என்று வியட்நாம் உறுதியளித்தது. ஆணையத்தின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று பார்த்து வரவும் ஒப்புக்கொண்டது. படகேறாமல் விமானத்தில் செல்ல 1979 முதலே இருந்த ஒழுங்கான வெளியேற்றத் திட்டமும் விரிவாக்கப்பட்டது.

1996இல் அந்தத் திட்டம் முடியும்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர் ஊர் திரும்பியிருந்தார்கள். படகுகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுபோயிருந்தன. கடலில் யாரையும் திருப்பி விடுவதை விதியாக்காமலே அது நடந்தது. நடுநிலம் அவர்கள் கேட்ட விடையில் மறுக்கப்பட்டவரைத் திருப்பி அனுப்புதல் இருக்கிறது. அதற்கு முன் கரையேற்றுதலும் விசாரணையும், அதற்குப் பின் கண்காணிப்பும் இருக்கின்றன. இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் அறும்.


பதிவு 7: பவளமல்லி

வேம்படி அண்ணா, அந்தத் திட்டத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே முன்மாதிரி ஆக்குவதற்கு முன் முகாம்களில் இருந்தவர்கள் சொன்னதையும் கேட்க வேண்டும். விசாரணையைக் கரைநாட்டு அதிகாரிகளிடம் விட்டதால், கலாங் முகாமில் கையூட்டுக் கொடுத்தவர் அகதி ஆனார், கொடுக்க இல்லாதவர் மறுக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. பெண்களிடம் வேறு விலை கேட்கப்பட்டதாகவும் சொன்னார்கள். திரும்பிப் போக அஞ்சி முகாம்களில் உண்ணாவிரதம் இருந்தவர்களும் தம் உடலையே கிழித்துக்கொண்டவர்களும் உண்டு. ஹொங்கொங்கில் அழுதுகொண்டிருந்தவர்களைத் தூக்கிச் சென்று விமானத்தில் ஏற்றினார்கள்.

ஆகவே விரைவான விசாரணை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். விரைவு என்ற சொல்லை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும். முடிவு எழுத்தில் வேண்டும். மேல்முறையீட்டை முதல் முடிவு எடுத்தவரோடு தொடர்பில்லாதவர் கேட்க வேண்டும். எங்கள் மக்களில் பலர் முதல் விசாரணையில் சித்திரவதையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அந்நியர் முன், அதுவும் சீருடை போட்டவர் முன், ஒரு பெண் தனக்கு நடந்ததை முதல் நாளே சொல்வாள் என்று எதிர்பார்க்கும் விசாரணை முறை பொய்யையே உண்மையாக எழுதி வைக்கும்.


பதிவு 8: கிள்ளான்வாசி

வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பேசப்படும் கரைகளில் எங்கள் கரையும் ஒன்று என்பதால் சில சொற்கள்.

எங்கள் நாட்டில் ஐ.நா. ஆணையத்தில் பதிந்த அகதிகளும் புகலிடம் கோருவோரும் 1,80,000க்கு மேல். பெரும்பான்மையினர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள். இலங்கைத் தமிழரும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 'யுஎன் கார்டு' என்று நாங்கள் சொல்லும் ஓர் அட்டை. நல்ல மனம் கொண்ட காவலர் அதைப் பார்த்து விட்டுவிடுவார், மற்றவர் விடமாட்டார். குடிநுழைவுச் சட்டத்தின்படி அகதியும் கள்ளக் குடியேறியும் ஒன்றே. முறையின்றி நுழைந்த குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஆறு பிரம்படி வரையும் விதிக்கலாம். 2019 ஆகஸ்ட் முதல் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் ஆணையத்தை அனுமதிக்கவும் இல்லை. உள்ளே இருப்பவரில் அகதி யார் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை என்பதே இதன் பொருள்.

சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் எல்லாரும் வேலை செய்கிறார்கள், வேறு வழி ஏது? நான் காய்கறி வாங்கும் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் மூட்டை தூக்குபவர்களில் பாதிப்பேர் ரோஹிங்கியாக்கள். கூலி கொடுக்காமல் ஏமாற்றினாலும் புகார் செய்யப் போகமாட்டார்கள்; போனால் முதலில் பிடிபடுவது அவர்களே. 2017இல் ரோஹிங்கியாக்கள் 300 பேருக்கு வேலை அனுமதி தர ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது, நிலைக்கவில்லை.

நடுநிலம் அவர்கள் எல்லைக் காவலைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். பதிவு செய்து, கைரேகை எடுத்து, வேலை அனுமதி கொடுத்து, வரியும் வாங்கினால் யார் எங்கே இருக்கிறார் என்று அரசுக்குத் தெரியும். இப்போது யாருக்கும் தெரியாது. எங்கள் கடற்படை படகைத் திருப்புவதை மட்டும் எல்லைக் காவல் என்று நினைக்கிறோம். 2020 ஏப்ரலில் தொற்றுநோயைக் காரணம் காட்டி 200 பேர் அளவில் இருந்த ஒரு ரோஹிங்கியாப் படகைத் திருப்பிவிட்டார்கள். இணையத்தில் அதற்குக் கைதட்டினவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். என் மனம் அன்று மிகவும் வருந்தியது. நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள்தாமே.


பதிவு 9: தீர்ப்புரை

கிள்ளான்வாசி ஐயா சொன்னது இந்த இழையின் நடுவே வைக்கவேண்டிய செய்தி. 157 பேரின் படகு புதுச்சேரியிலிருந்து புறப்பட்டது என்பதோடு அதைச் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் உயிருக்கு ஆபத்து இல்லை; உதவித்தொகையும் பள்ளிக்கூடமும் இருந்தன. இருந்தும் முப்பது ஆண்டு முகாமில் வாழ்ந்து, அங்கேயே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை என்ற நிலை ஒருவரைக் கடலுக்குத் தள்ளுகிறது. 2021இல் அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு பெயர் மாற்றியது. பெயர் மாற்றத்தை வரவேற்கிறேன், ஆனால் குடியுரிமை தருவது மாநில அரசின் கையில் இல்லை. முதல் நாட்டில் வாழ வழியில்லாதபோது இரண்டாம் படகு கட்டாயம் வரும்.

இந்த வட்டாரத்தில் அண்மையில் எழுதப்பட்ட விதிகள் இரண்டையும் சொல்ல வேண்டும். பாலி செயல்முறை என்ற அமைப்பு 2002 முதல் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா தலைமையில் இயங்குகிறது. அதன் முடிவுகள் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. 2015 மே நெருக்கடியில் அது கூடவே இல்லை என்ற குறை எழுந்தபின், அவசரக் காலத்தில் கலந்து பேச ஒரு வழிமுறையை 2016இல் சேர்த்தார்கள். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது இந்தோனேசியாவின் 2016ஆம் ஆண்டு 125ஆம் எண் அதிபர் ஆணை. உடன்படிக்கையில் சேராத நாடு ஒன்று, கடலில் ஆபத்தில் உள்ள அகதிகளைத் தேடி மீட்டுக் கரையேற்றித் தங்க வைப்பது யாருடைய வேலை என்று துறை துறையாக எழுதி வைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஆச்சேயின் லோங்கா கடற்கரையில் 44 தமிழர்களோடு ஒதுங்கிய படகிலிருந்து இறங்க முயன்ற பெண்களை அச்சுறுத்தக் காவலர் வானத்தை நோக்கிச் சுட்டார்கள் என்பதை நினைத்தால், அந்த ஆணையின் தேவை விளங்கும். தாய்லாந்தும் 2023 செப்டம்பர் முதல் தேசிய அளவில், பாதுகாப்புத் தேவைப்படுபவர் யார் என்று பிரித்தறியும் ஒரு தெரிவு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் ஆணை மட்டும் தாங்காது. 2023 இறுதியில் ஆச்சேக்கு ரோஹிங்கியாப் படகுகள் அடுத்தடுத்து வந்தபோது, மீனவர்கள் மீட்ட அதே கரையில் ஊர்மக்கள் படகைத் திருப்பித் தள்ளினார்கள். டிசம்பர் 27 அன்று பண்டா ஆச்சேயில் மாணவர் கூட்டம் ஒன்று அகதிகள் தங்கியிருந்த கூடத்துக்குள் புகுந்து அவர்களை வெளியேற்றியது. அந்த மக்களைக் குறை சொல்வது எளிது. எட்டு ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு எந்த நாடும் தோள் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?


பதிவு 10: நடுநிலம்

வேம்படி அவர்களின் 1989 எடுத்துக்காட்டை இரண்டு முறை படித்தேன். கரையேற்றிய பின்பே தெரிவு, தெரிவுக்குப் பின் திருப்பி அனுப்புதல் என்ற வரிசையை ஏற்கிறேன். கடலில் வைத்தே திருப்புவதற்கு நான் அளித்த ஆதரவை, விசாரணை இல்லாத இடத்தில் விலக்கிக்கொள்கிறேன். பவளமல்லி அவர்கள் மேல்முறையீட்டைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன்.

ஒரு தடை மட்டும் எனக்குத் தெரிகிறது. 1989இல் வியட்நாம் தன் மக்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. மியன்மார் ரோஹிங்கியாக்களை 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கி வைத்திருக்கிறது. தன் மக்கள் என்றே ஒப்பாத அரசு எப்படித் திரும்பப் பெறும்? 2015இல் ஒரே படகில் வந்த வங்கதேசத்தவர் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள், ரோஹிங்கியாக்கள் திரும்ப முடியவில்லை. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை திட்டத்தின் ஒரு பாதி செயல்படாது. அந்தப் பாதியை யார் நிரப்புவது?


பதிவு 11: வேம்படி

நடுநிலம் அவர்களின் கேள்வி சரியானது. அதற்கு முழு விடை என்னிடம் இருப்பதாக நான் பாவனை செய்யப் போவதில்லை. திரும்ப முடியாதவருக்கு இரண்டு வழிகளே மிச்சம்: கரைநாட்டில் வேலை அனுமதியோடு வாழ்வது, அல்லது மூன்றாம் நாட்டில் குடியேறுவது. முதலாவதற்கு மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து தங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்கு ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, நியூசிலாந்து போன்ற வசதியுள்ள நாடுகள் எண்ணிக்கையைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எவரும் தனியே முதலில் அசையமாட்டார். 1979இல் கரையைத் திறப்பதும் இடங்களை அறிவிப்பதும் ஒரே கூட்டத்தில், ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கேட்டு நடந்தன. நவுருவில் செலவிட்ட கோடிக்கணக்கான டாலரில் ஒரு பங்கை ஆச்சேயின் பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊராரும் அகதியும் சேர்ந்து பயன்பெறக் கொடுத்திருந்தால், அந்த ஊர்மக்கள் படகைத் தள்ளியிருப்பார்களா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

முதல் அடியாக நான் கேட்பது மிகச் சிறியது. தென்மேற்குப் பருவமழைக்குப் பின் கடல் அமைதியாகும் மாதங்களில்தான் வங்காள விரிகுடாவிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. இது ஒவ்வோர் ஆண்டும் எல்லா அரசுகளுக்கும் தெரிந்தே நடக்கிறது. அந்த மாதங்கள் தொடங்கும் முன்பே, எந்தக் கடற்பகுதியில் மீட்கப்பட்டவரை எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்ற பட்டியலை இந்தக் கடலோர அரசுகள் சேர்ந்து எழுதிவைக்கட்டும். யார் அகதி, யார் அல்லர் என்பதைக் கரையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.


பதிவு 12: பவளமல்லி

அந்தப் பட்டியலோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் அண்ணா: இறக்கியவரின் பெயரை எழுதி வைக்க வேண்டும். 2015இல் அந்தக் கடலில் மிதந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையோ, அத்தனை பேரையும் யாரோ ஓர் அம்மா இன்னும் தேடிக்கொண்டிருப்பாள். எங்கள் ஊரில் அப்படித் தேடுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும்.